பெஞ்ச்மார்க்கிங்கைச் சில நிறுவனங்கள் ஏன் தவிர்க்கின்றன?

ஒரு நிறுவனம் தன் செலவையும் வேகத்தையும் தரத்தையும் பிற நிறுவனங்களின் அளவுகளோடு ஒப்பிட்டுத் தான் எங்கே பின்தங்கியிருக்கிறது என்று கண்டறிந்து, முன்னே நிற்பவரின் வழிமுறையைக் கற்றுக்கொள்வதற்குப் பெஞ்ச்மார்க்கிங் என்று பெயர். மேலாண்மைப் படிப்புகளில் இதைக் கற்பிக்கிறார்கள். தர விருதுகளுக்கான விண்ணப்பங்கள் இதைக் கேட்கின்றன. ஆலோசனை நிறுவனங்கள் இதை ஒரு சேவையாகவே விற்கின்றன. ஆகவே, நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒரு நிறுவனம் இதை வேண்டாமென்று ஒதுக்கும்போது, அது எதையோ மறைக்கிறது என்ற எண்ணம் முதலீட்டாளருக்கும் ஊழியருக்கும் எளிதாக வந்துவிடுகிறது.

மறைப்பதற்காகவே மறுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நன்கு யோசித்து, கணக்குப் பார்த்து, சட்ட ஆலோசனையும் பெற்ற பிறகு மறுப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ஒப்பீடு எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

கல்லில் வெட்டிய குறி

இந்தச் சொல் நில அளவைத் துறையிலிருந்து வந்தது. பிரிட்டனில் அளவையாளர்கள் கட்டடச் சுவரிலோ பாலத்தின் கல்லிலோ ஒரு கிடைக்கோட்டை வெட்டி, அதன் கீழே அம்புக்குறி பொறிப்பார்கள். அந்த வெட்டில் ஓர் இரும்புத் தகட்டைச் செருகினால், அளவுகோலை நிறுத்துவதற்கான பெஞ்சாக அது பயன்படும். அந்த இடத்தின் உயரம் ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டதால், சுற்றுப்புறத்தின் உயரங்களையெல்லாம் அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாடு பயன்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கல் நகராது, அளவுகோல் எல்லோருக்கும் ஒன்று. வணிகத்தில் இந்த இரண்டுமே இல்லை. ஒப்பிடப்படும் நிறுவனம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அளவுகோலை ஒவ்வொருவரும் தமக்கேற்ப வைத்திருக்கிறார்கள். இனி வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஒப்பீட்டைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள்:

1. உள் ஒப்பீடு: ஒரே நிறுவனத்தின் கிளைகளையோ ஆலைகளையோ ஒன்றோடொன்று ஒப்பிடுவது.
2. போட்டியாளர் ஒப்பீடு: அதே சந்தையில் அதே பொருளை விற்பவரோடு ஒப்பிடுவது.
3. பணி சார்ந்த ஒப்பீடு: கிடங்கு, சம்பளப் பட்டியல், போக்குவரத்து போன்ற ஒரு பணியை, அதே பணியைச் செய்யும் வேறு தொழில்காரரோடு ஒப்பிடுவது.
4. பொது ஒப்பீடு: தொழிலே முற்றிலும் வேறாக இருந்தாலும், அடியிலுள்ள செயல்முறை ஒத்திருப்பதைப் பார்ப்பது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, இதய அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவினரிடம் ஒப்படைக்கும் முறையை ஃபெராரியின் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய அணியின் பிட் ஸ்டாப் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திச் சில நொடிகளில் சக்கரம் மாற்றுவது போன்ற வேலைகளை முடிப்பது) ஒழுங்கைப் பார்த்து மாற்றியமைத்தது. ஒப்படைப்பின்போது நேரும் பிழைகளும் விடுபடும் தகவல்களும் அதன்பின் குறைந்ததை அந்தக் குழு 2007-இல் வெளியிட்டது.

ஒரு நிறுவனம் "நாங்கள் பெஞ்ச்மார்க்கிங் செய்வதில்லை" என்று சொல்லும்போது, பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறது. மற்ற மூன்றில் ஒன்றை வேறு பெயரில் அது செய்துகொண்டிருக்கலாம்.

ஜெராக்ஸ் செய்ததும், பிறர் அதிலிருந்து எடுத்துக்கொண்டதும்

இந்த முறை புகழ்பெற்றது ஜெராக்ஸ் நிறுவனத்தால். 1970-களின் இறுதியில், ஜப்பானிய நிறுவனங்கள் நகலெடுக்கும் இயந்திரங்களை ஜெராக்ஸின் உற்பத்திச் செலவை ஒட்டிய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தன. 1979-இல் ஜெராக்ஸ் அந்த இயந்திரங்களைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆராயத் தொடங்கியது. பின்னர் கிடங்கு வேலைக்கு, வெளிப்புற விளையாட்டுகளுக்கான பொருள்களை அஞ்சல் வழியாக விற்றுவந்த எல்.எல்.பீன் நிறுவனத்திடம் சென்று கற்றது. 1989-இல் அதன் ஒரு பிரிவு அமெரிக்காவின் மால்கம் பால்ட்ரிஜ் தேசியத் தர விருதைப் பெற்றது. அந்த வெற்றிக்குப் பிறகு இம்முறை எல்லாத் தொழில்களுக்கும் பரவியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதிகம் அழுத்திச் சொல்லாத ஒரு விவரம் இருக்கிறது. ஜப்பானில் ஜெராக்ஸுக்கு ஃபூஜி ஜெராக்ஸ் என்ற கூட்டு நிறுவனம் இருந்தது. ஜப்பானிய உற்பத்திச் செலவு எப்படி அமைகிறது என்பதைக் குடும்பத்துக்குள்ளிருந்தே பார்க்கும் வழி அதற்குக் கிடைத்திருந்தது. வெளியாரின் எண்களை வாங்கி, அவற்றின் பொருளை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை அதற்கு இல்லை. பின்னால் வந்த நிறுவனங்களில் பலவற்றுக்கு அப்படியொரு சாளரம் கிடைக்கவில்லை. ஆலோசனை நிறுவனம் தந்த அட்டவணையில் தாம் எத்தனையாவது இடம் என்ற ஓர் எண் மட்டுமே அவற்றுக்குக் கிடைத்தது. இடத்தைச் சொல்லும் எண் ஒன்று. அந்த இடத்துக்குக் காரணமான வழிமுறை இன்னொன்று. முன்னதை வாங்கலாம். பின்னதை நேரில் போய், நாள்கணக்கில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

முதல் காரணம்: எண்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை

ஒப்பீட்டை ஒதுக்கும் நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் இதுவே மிகவும் வலுவானது. ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

இரண்டு நிறுவனங்கள். இரண்டுக்கும் சப்ளையர்களிடமிருந்து மாதம் 10,000 பில்கள் வருகின்றன. அவற்றைச் சரிபார்த்துப் பணம் அனுப்ப முதல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 10 பேர். இரண்டாவது நிறுவனத்தில் 25 பேர். ஆக, முதலாவதில் ஒருவருக்கு 1,000 பில்கள். இரண்டாவதில் ஒருவருக்கு 400. ஒப்பீட்டு அறிக்கையில் இந்த இரண்டு எண்களும் அருகருகே அச்சாகும்போது, இரண்டாவது நிறுவனத்தின் கணக்குப் பிரிவுத் தலைவர் என்ன சொன்னாலும் அது சமாதானமாகவே கேட்கும்.

இப்போது அந்த எண்களைப் பிரித்துப் பார்ப்போம்.

1. முதல் நிறுவனம் பில் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. அங்கே 6 பேர் இந்த வேலைக்காகவே இருக்கிறார்கள். அவர்கள் சம்பளப் பட்டியலில் இல்லாததால் ஆள் கணக்கில் வரவில்லை.

2. பில்லில் உள்ள விலையைக் கொள்முதல் ஆணையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை அங்கே கொள்முதல் பிரிவு செய்கிறது. அதற்கு 5 பேரின் முழு நேரம் செலவாகிறது. இரண்டாவது நிறுவனத்தில் இந்த இரு வேலைகளையும் கணக்குப் பிரிவே செய்கிறது. இவற்றைச் சேர்த்தால் 10-க்கு எதிரே 25 என்றிருந்தது 21-க்கு எதிரே 25 என்றாகிறது.

3. முதல் நிறுவனத்தின் பில் ஒவ்வொன்றிலும் சராசரியாக 3 உருப்படிகள், இரண்டாவதில் 8. சரிபார்ப்பவருக்குப் பில்லின் எண்ணிக்கை வேலையல்ல, உருப்படியின் எண்ணிக்கைதான் வேலை. அப்படிக் கணக்கிட்டால் முதல் நிறுவனத்தில் மாதம் 30,000 உருப்படிகளை 21 பேர் பார்க்கிறார்கள்: ஒருவருக்கு ஏறத்தாழ 1,430. இரண்டாவதில் 80,000 உருப்படிகளை 25 பேர் பார்க்கிறார்கள்: ஒருவருக்கு 3,200.

தரவரிசை தலைகீழாகிவிட்டது. எண்களில் எந்தப் பொய்யும் இல்லை. இரு தரப்பும் கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே பதிலளித்தன. "இந்தப் பணியில் எத்தனை பேர்?" என்ற கேள்வியில் "இந்தப் பணி" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் யாரும் வரையறுக்கவில்லை.

இதைச் சரிசெய்ய முடியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மின் நிலையங்கள் போன்ற துறைகளில் எந்த இயந்திரம், எந்தக் கொள்ளளவு, என்ன மூலப்பொருள் என்பதற்கேற்ப எண்களைத் திருத்தி ஒப்பிடும் முறைகள் பல பத்தாண்டுகளாகச் செம்மைப்படுத்தப்பட்டுள்ளன. அங்கெல்லாம் ஒப்பீடு பயன்தருகிறது. அங்கே இயற்பியல் ஒன்று. வெளிவரும் பொருள்களும் ஏறக்குறைய ஒன்று. மென்பொருள் எழுதுவது, வடிவமைப்பது, மருந்து ஆய்வு போன்ற வேலைகளில் அத்தகைய பொது அலகு கிடைப்பதில்லை. எண்களைத் திருத்திச் சமப்படுத்தும் வேலைக்கு ஆகும் செலவு, ஒப்பீட்டால் வரக்கூடிய ஆதாயத்தைவிட அதிகமாகிவிடும் என்று ஒரு நிறுவனம் கணக்கிட்டு விலகினால், அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது காரணம்: முன்னே நிற்பவர் எதனால் முன்னே நிற்கிறார் என்பது தெரிவதில்லை

ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும் "சிறந்த நிறுவனம்" அந்த ஆண்டில் சிறந்திருந்தது. அதற்கு அதன் வழிமுறையும் காரணமாக இருக்கலாம். அந்த ஆண்டின் சூழ்நிலையும் காரணமாக இருக்கலாம்.

இந்தப் பிழை எத்தனை ஆழமானது என்பதைக் காட்டும் ஒரு நிகழ்வு பெஞ்ச்மார்க்கிங் என்ற பெயர் வணிகத்துக்கு வருவதற்கு வெகு முன்பே நடந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஹோரஸ் செக்ரிஸ்ட், 1920 முதல் 1930 வரையிலான வணிக நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டி, தொடக்கத்தில் சிறந்திருந்தவை ஆண்டுதோறும் சராசரியை நோக்கி இறங்கியதையும் மோசமாக இருந்தவை சராசரியை நோக்கி ஏறியதையும் காட்டி, 1933-இல் பெரும் நூலாக வெளியிட்டார். வணிகத்தில் நடுத்தரமே வெல்கிறது என்பது அவருடைய முடிவு. ஹெரால்டு ஹோட்டலிங் என்ற புள்ளியியலாளர் அதை மதிப்பிட்டு எழுதியபோது, அந்நூல் காட்டியது வணிகத்தின் விதியே அல்ல என்று நிறுவினார். ஓராண்டின் அளவை வைத்து மேலே இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தால், அவர்களில் ஒரு பகுதியினர் அந்த ஆண்டின் நற்பேற்றால் மேலே வந்தவர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தப் பேறு தொடராது. ஆகவே குழுவின் சராசரி தானே இறங்கும். தேர்ந்தெடுத்த முறையே அந்த முடிவை உண்டாக்கிவிட்டது.

இதே பிழை இன்றைய ஒப்பீட்டு அறிக்கைகளிலும் நடக்கிறது. முதல் இடத்தில் இருப்பவரின் வழிமுறையை மூன்றாண்டு உழைத்துக் கொண்டுவந்து சேர்க்கும்போது, அவரே அந்த இடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். பட்டியலின் அடியில் இருந்த நிறுவனம் எதுவும் செய்யாமலே ஓராண்டில் ஏறிவிட்டு, அந்த ஏற்றத்தை ஒப்பீட்டுத் திட்டத்தின் வெற்றியாகக் கணக்கெழுதிக்கொள்ளவும் கூடும். இவற்றோடு, அதே வழிமுறையைப் பின்பற்றித் தோற்று மூடிய நிறுவனங்கள் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காரணம்: எல்லோரும் ஒன்றுபோலாகிவிடும் ஆபத்து

1996-இல் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். ஒரே வேலையைப் பிறரைவிடத் திறமையாகச் செய்வது ஒன்று. பிறர் செய்யாத வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அல்லது அதே வேலைகளை வேறு விதமாகச் செய்து, தனக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்வது வேறொன்று. முதலாவதைச் செயல்திறன் என்றும், இரண்டாவதை உத்தி என்றும் அவர் பிரித்தார். போட்டியாளர்கள் ஒருவரையொருவர் ஒப்பிட்டுக்கொள்ளக் கொள்ள அவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள். பிறகு விலையைத் தவிர வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பதற்கு வேறு அடிப்படை இல்லாமல் போகிறது என்பது அவருடைய வாதம்.

இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு விமானத் துறையிலிருந்து. சவுத்வெஸ்ட் நிறுவனம் குறைந்த கட்டணத்தில், குறுகிய தூரத்துக்கு, போயிங் 737 என்ற ஒரே வகை விமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உணவும் முன்கூட்டி ஒதுக்கிய இருக்கையும் இல்லாமல் நடத்தி லாபம் ஈட்டியது. அதைப் பார்த்து, முழுச் சேவை விமான நிறுவனமான கான்டினென்டல் 1993-இல் கான்டினென்டல் லைட் என்ற பிரிவைத் தொடங்கியது. உணவை நிறுத்தியது, முதல் வகுப்பை எடுத்தது, கட்டணத்தைக் குறைத்தது, விமானம் நிலையத்தில் நிற்கும் நேரத்தைச் சுருக்கப் பார்த்தது. ஆனால் மற்ற வழித்தடங்களில் முழுச் சேவை தொடர்ந்ததால் பயண முகவர்களையும் பலவகை விமானங்களையும் இருக்கை ஒதுக்கீட்டையும் விட முடியவில்லை. இணைப்பு விமானத்துக்காகவும் பெட்டி மாற்றுவதற்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கும்போது ஒரு விமானத்தை எப்படி விரைவாகக் கிளப்புவது? 1995-இல் அந்தப் பிரிவு மூடப்பட்டது.

சவுத்வெஸ்டின் சிக்கனம் தனித்தனிப் பழக்கங்களின் கூட்டல் அல்ல. ஒரே வகை விமானம் என்பதால் பராமரிப்பு எளிதாக இருந்தது. பிற நிறுவனங்களின் விமானங்களுக்குப் பெட்டி மாற்றித் தராததால் விமானம் சீக்கிரம் கிளம்பியது. சீக்கிரம் கிளம்பியதால் அதே விமானம் நாளில் அதிக முறை பறந்தது. ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்கி நின்றது. ஒப்பீட்டு அட்டவணையோ இவற்றை ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துக் காட்டுகிறது. வரிசைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பைக் காட்ட அட்டவணையில் இடமில்லை.

நேரில் போய்ப் பார்த்தால்கூட இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நம்மி என்ற கூட்டு ஆலையைத் தொடங்கின. டொயோட்டாவின் உற்பத்தி முறை ஜெனரல் மோட்டார்ஸின் கண்ணெதிரே, அதன் பழைய ஊழியர்களைக் கொண்டே வெற்றிகரமாக நடந்தது. அப்படியிருந்தும் அதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசெல்ல ஜெனரல் மோட்டார்ஸ் நீண்ட காலம் திணறியது. ஒரே முற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அட்டவணையை மட்டும் வாங்கிப் பார்ப்பவர்களின் நிலையைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்தான்.

நான்காவது காரணம்: சட்டம்

ஒப்பீடு என்பது போட்டியாளர்களுக்கு நடுவே தகவல் பரிமாறப்படுவதாகவும் அமைந்துவிடுகிறது. ஒருவர் என்ன விலை வைக்கிறார், எவ்வளவு உற்பத்தி செய்யப்போகிறார், ஊழியருக்கு என்ன சம்பளம் தருகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், பேசி முடிவெடுக்காமலேயே விலையும் சம்பளமும் ஒன்றாக நகரக்கூடும். அதனால்தான் போட்டிச் சட்டங்கள் இதைக் கூர்ந்து பார்க்கின்றன.

1. பிரிட்டனில் டிராக்டர் விற்பனையாளர்கள் தங்களுக்குள் விரிவான விற்பனை விவரங்களைப் பரிமாறிக்கொண்ட ஏற்பாட்டை ஐரோப்பிய ஆணையம் 1992-இல் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1998-இல் ஜான் டியர் வழக்கில் அதை உறுதிசெய்தது. விலையைப் பற்றிய ஒப்பந்தம் எதுவும் அங்கே நிரூபிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. சில நிறுவனங்களே உள்ள சந்தையில் விரிவான தகவல் ஓடுவதே போட்டியைத் தளர்த்தும் என்பது அடிப்படை.

2. அமெரிக்காவில் டாட் எதிர் எக்ஸான் வழக்கில், 14 எண்ணெய் மற்றும் பெட்ரோகெமிக்கல் நிறுவனங்கள் சம்பள விவரங்களைப் பரிமாறிக்கொண்டு ஊழியர்களின் சம்பளத்தை அடக்கிவைத்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கீழ் நீதிமன்றம் தள்ளிய அந்த வழக்கு தொடரலாம் என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. 1996-இல் அமெரிக்க அரசு மருத்துவத் துறைக்கென வகுத்த வழிகாட்டுதலில், தகவல் பரிமாற்றத்துக்குச் சில பாதுகாப்பான எல்லைகள் சொல்லப்பட்டிருந்தன. மூன்றாம் தரப்பு திரட்ட வேண்டும். தகவல் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து நிறுவனங்கள் பங்கேற்க வேண்டும். வெளியிடும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒரே நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றத் துறைகளும் இதையே அளவுகோலாகக் கொண்டு நடந்துவந்தன. 2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் இந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதுவரை "இந்த நான்கையும் கடைப்பிடித்தால் போதும்" என்று சொல்லிவந்த சட்டப் பிரிவுகள், அதன்பின் அப்படிச் சொல்ல முடியாமல் போயின. நான்கைந்து பெரிய நிறுவனங்களே உள்ள ஒரு துறையில், பெயர் மறைக்கப்பட்ட அட்டவணையிலும் எந்த எண் யாருடையது என்று துறை அறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். அத்தகைய இடத்தில் விலகி நிற்பது கோழைத்தனம் ஆகாது.

ஐந்தாவது காரணம்: அளவு இலக்காகும்போது மனிதர்கள் மாறுகிறார்கள்

கட்டுப்படுத்துவதற்காகப் பயன்படுத்தப்படும் எந்தப் புள்ளியியல் ஒழுங்கும் குலையத் தொடங்கும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னார். நிறுவனங்களுக்குள்ளும் அது பொருந்துகிறது.

வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துறையின் சராசரி அழைப்பு நேரம் 4 நிமிடம் என்றும், இங்கே 6 நிமிடம் ஆகிறது என்றும் ஓர் அறிக்கை சொல்கிறது. மேலிடம் 4 நிமிடத்தை இலக்காக்குகிறது. ஊழியர் என்ன செய்வார்? மூன்றரை நிமிடத்தில் பேச்சை முடிக்கும் வழியைத் தேடுவார். கடினமான கேள்வியை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார். சிக்கல் தீர்ந்ததா என்று கேட்பதை நிறுத்திவிடுவார். அதே வாடிக்கையாளர் மறுநாள் மீண்டும் அழைப்பார். அட்டவணையில் அது இரண்டு குறுகிய அழைப்புகளாகப் பதிவாகி, சராசரியை இன்னும் அழகாக்கும். ஆறு நிமிடம் பேசி ஒரே அழைப்பில் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்த ஊழியர் பின்தங்கியவராகக் காட்டப்படுவார். அந்த ஊழியருக்கு இழைக்கப்படும் அநீதி எந்த அறிக்கையிலும் எண்ணாக வராது.

உயர் அதிகாரிகளின் ஊதியத்தில் இதற்கு நேரெதிரான திசையில் ஓர் இழுப்பு நடக்கிறது. ஐந்து நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள் முறையே 80, 90, 100, 110, 120 அலகு ஊதியம் பெறுவதாகக் கொள்வோம். நடு எண் 100. "எங்கள் தலைவர் முதல் கால் பகுதியினருக்கு நிகராக ஊதியம் பெற வேண்டும்" என்று ஒவ்வொரு நிறுவனமும் முடிவெடுத்தால், கீழே உள்ள மூவரும் 110-க்கு உயர்த்தப்படுவார்கள். இப்போது நடு எண் 110. ஏற்கெனவே 120 பெற்றவரின் நிறுவனம் தன் முன்னிலை சுருங்கிவிட்டதென்று அடுத்த ஆண்டு அவரை உயர்த்தும். யாருடைய செயல்பாடும் மாறாமலே ஐவரில் நால்வரின் ஊதியம் ஏறிவிடுகிறது. ஊதிய ஒப்பீட்டைத் தவிர்க்கும் இயக்குநர் குழுக்கள் இந்த ஏணியில் கால் வைக்க மறுக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

ஏற்க முடியாத காரணங்கள்

மேலே சொன்னவை கேட்டுக்கொள்ள வேண்டிய காரணங்கள். பின்வருவனவும் அடிக்கடி கேட்கப்படுகின்றன. இவற்றை அதே வரிசையில் வைக்க முடியாது.

1. "எங்கள் தொழில் தனித்தன்மை வாய்ந்தது." முழு நிறுவனத்துக்கு இது உண்மையாக இருக்கலாம். ஆனால் சம்பளம் போடுவது, பில்லுக்குப் பணம் அனுப்புவது, கணினிகளைப் பராமரிப்பது, விபத்தில்லாமல் வேலை நடத்துவது ஆகியவற்றில் பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தனித்தன்மை எதுவும் இல்லை.

2. "நேரமில்லை." ஆண்டு முழுவதும் நடக்கும் பெரிய ஒப்பீட்டுக்கு நேரமில்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு பணியை எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களை நேரில் போய்ப் பார்க்கச் சில நாள்கள் போதும்.

3. "ஒருமுறை செய்தோம், பயனில்லை." அந்த முறை வந்த எண் பிடிக்காமல் போனதா, எண் தவறாக இருந்ததா என்பதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒப்பிடாதவர்கள் பதிலுக்கு எதைப் பார்க்கிறார்கள்

போட்டியாளரின் அளவை ஒதுக்கிவிட்ட நிறுவனத்துக்கும் தான் நன்றாக நடக்கிறதா என்று அறிய ஓர் அளவு வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து அந்த மறுப்பின் தரத்தை எடைபோடலாம்.

டொயோட்டாவின் தொடக்க வரலாறு இதற்கு நல்ல விளக்கம். அமெரிக்கத் தொழிலாளியின் உற்பத்தித் திறன் ஜப்பானியத் தொழிலாளியைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்ற கணக்கு, அந்த உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவின் காதுக்கு வந்தது. அமெரிக்கர் ஒன்பது மடங்கு உடல் வலிமையைச் செலவிடுகிறார் என்று அவரால் நம்ப முடியவில்லை. ஆகவே நம் வேலையில் எங்கோ பெரும் விரயம் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதன்பின் அமெரிக்க ஆலையை அப்படியே படியெடுக்கவில்லை. ஒரே மாதிரியைப் பேரளவில் செய்யும் அமெரிக்க முறை, சிறிய அளவில் பல மாதிரிகளைச் செய்ய வேண்டியிருந்த ஜப்பானியச் சந்தைக்குப் பொருந்தாது. எனவே காத்திருப்பு, தேவைக்கு மேல் உற்பத்தி, குறையுள்ள பாகங்கள் என்று விரயத்தை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் குறைத்துக்கொண்டே போனார். கேள்வி வெளியிலிருந்து வந்தது. பதிலுக்கான அளவுகோல், விரயமே இல்லாத வேலை என்ற எல்லையிலிருந்து வந்தது.

சுவீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன் வங்கி வேறொரு வழியை எடுத்தது. 1970-களிலிருந்து அது வழக்கமான ஆண்டு நிதித்திட்டத்தைக் கைவிட்டு, பங்குதாரர் முதலீட்டின் மீதான வருவாய் போட்டி வங்கிகளின் சராசரியைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற ஒற்றை வெளி அளவை வைத்துக்கொண்டது. கிளைகளின் செயல்பாடு உள்ளுக்குள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகிறது. ஆனால் அந்த வருவாயை எப்படி ஈட்டுவது என்பதில் பெருமளவு கிளையின் முடிவுக்கே விடப்படுகிறது. இறுதி விளைவை மட்டும் வெளியாரோடு ஒப்பிட்டு, வழிமுறையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

இவற்றைப் போல, தன் சென்ற ஆண்டின் அளவு, வாடிக்கையாளர் விலகும் விகிதம், பொறியியல் அனுமதிக்கும் எல்லை ஆகியவற்றில் ஒன்றையேனும் ஒரு நிறுவனம் தொடர்ந்து அளந்து, உள்ளே வெளிப்படையாக வைத்திருந்தால் அதன் மறுப்பில் ஒழுங்கு இருக்கிறது. எதையும் அளக்காமல் ஒப்பீட்டை மட்டும் மறுக்கும் நிறுவனத்தில் நிலைமை வேறு. பழைய இயந்திரத்தை மாற்றுங்கள் என்று கேட்கும் பராமரிப்புப் பொறியாளரிடம், அதே இயந்திரம் வேறு ஆலைகளில் எத்தனை முறை நிற்கிறது என்று காட்ட எதுவும் இருக்காது. அவருடைய சொல்லுக்கும் நிதிப் பிரிவின் சொல்லுக்கும் நடுவே முடிவெடுக்க நேரும்போது, அந்தக் கூட்டத்தில் உயர்ந்த பதவியில் இருப்பவரின் சொல்லே நிற்கும். இயந்திரம் மறுபடி நிற்கும்போது, அது இப்படித்தான் அடிக்கடி நிற்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.